பதினாறாம் மாடியில் ஆடிய விளக்கு: 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம் காட்டிய நிலத்தடி

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சிங்கப்பூரில், ஹில்வியூ பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் மண் ஆய்வுக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். அன்றைய துளைக்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. "மாலை 4.30: 38.20 மீட்டர். சாம்பல் நிறக் கருங்கல். விரிசல் குறைவு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அடுத்த பதிவு 5.10-க்கு. இடைப்பட்ட நாற்பது நிமிடத்தில் குறித்துவைக்க ஏதும் நடக்கவில்லை. இயந்திரம் ஓடியது, துளைவாயில் சாம்பல் தண்ணீர் பொங்கி வந்தது, அங்கே நின்ற ஆறு பேரில் ஒருவருக்கும் காலடியில் எந்த அசைவும் தெரியவில்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வீடு ஆடுகிறது. சாமி விளக்கு தானாக ஆடுகிறது. கீழே இறங்கிவிடட்டுமா?"

எங்கள் வீடு காலாங் ஆற்றுப் பக்கம், 16 மாடி புளோக்கின் கடைசி மாடியில். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்ததால், அம்மா சாமி மாடத்தைத் துடைத்து, தூக்கு விளக்கைக் கழற்றித் துலக்கி மறுபடி மாட்டியிருந்தார். அதுதான் ஆடியது. முதலில் தனக்குத் தலைசுற்றுகிறதோ என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். மின்தூக்கி வேண்டாம், படியில் இறங்குங்கள் என்றேன்.

மண்ணைப் பற்றித் தெரிந்தவன் என்று சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்குத் தெரியாத அசைவு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் என்று கேட்டுப் படிக்கத் தொடங்கியது, கட்டட அதிர்வோடு நிற்கவில்லை. பூமியின் மேலோட்டையும் அதற்குக் கீழே உள்ள கவசத்தையும் யாரும் போய்ப் பார்க்காமல் எப்படி அறிகிறார்கள் என்பது வரை இழுத்துச் சென்றது. அந்த ஒரு நிலநடுக்கத்தையே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து என்னென்ன தெரியவந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். மற்ற எந்த நிலநடுக்கத்தையும்விட இது எங்களுக்கு நெருக்கமானது. அதை ஆராய்ந்தவர்களில் பலரும் இந்தத் தீவில் இருந்தவர்கள்.

நடந்தது

சிங்கப்பூர் நேரம் மாலை 4.38-க்கு, இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவிலுள்ள பண்டா ஆச்சேயிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலின் அடியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து, 6.43-க்கு, சற்றுத் தெற்கே 8.2 அளவில் இன்னொன்று.

8.6 என்ற எண்ணைக் கேட்டவுடன் எங்கள் வீட்டில் அனைவருக்கும் ஒரே நினைவுதான். 2004 டிசம்பர் 26 அன்று அதே சுமத்திராவுக்கு அருகே 9.1 அளவில் நடுங்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் கடலுக்குப் பலியானார்கள். சித்தப்பா குடும்பம் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் விளக்கு ஆடிய நேரம் அங்கே பிற்பகல் இரண்டேகால். நான் அழைத்தபோது எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளையும் ஆவணப் பையையும் எடுத்துக்கொண்டு மேட்டுப் பகுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிலும் மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். கடைசியில் சுமத்திராவின் மெலாபோவில் ஒரு மீட்டரை ஒட்டிய அலை பதிவானது. மாலைக்குள் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

இவ்வளவு பெரிய நடுக்கம் ஏன் கடலைத் தூக்கவில்லை? இதுதான் இந்த நிகழ்வின் முதல் புதிர். இரண்டாவது புதிர் இன்னும் ஆழமானது: பெரும் நடுக்கங்கள் வழக்கமாகப் புவித்தட்டுகள் (மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்த பெரும் பாறைப் பலகைகள்) ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் விளிம்பில்தான் வருகின்றன. இது அந்த விளிம்பில் வரவில்லை. தட்டின் நடுவில் வந்தது.

அந்த மாலை நான் வீடு திரும்பியிருந்தேன். 6.49 வாக்கில் விளக்கு மறுபடி அசைந்தது. இந்த முறை என் கண்ணால் பார்த்தேன். சுவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்: பத்து ஆட்டத்துக்குப் பதினாறு, பதினேழு நொடி. விளக்கின் சங்கிலி ஒன்றரை முழம். அந்த நீளத்தில் தொங்கும் எதுவும் இயல்பாக ஆடும் வேகம் அதுதான். மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் கட்டடம் ஒரு முறை ஆடிவர எடுக்கும் நொடிகள் ஏறத்தாழ வரும் என்று பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 16 மாடிக்கு 1.6 நொடி. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல, கட்டடம் விளக்கைத் தள்ளியிருக்கிறது.

அலைகள் வந்த வழி

நிலநடுக்கத்திலிருந்து மூன்று வகை அலைகள் கிளம்புகின்றன. முதன்மை அலை பாறையை நெருக்கி விரித்துப் பாய்வது, ஒலியைப் போல. இரண்டாம் நிலை அலை பாறையைப் பக்கவாட்டில் உதறிச் செல்வது. திரவத்துக்குள் அது நுழையாது. மூன்றாவது, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி உருண்டு வரும் மேற்பரப்பு அலைகள். இந்த மூன்றையும் முதன்முதலில் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் ஓல்ட்ஹாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளே அவருக்குக் கிடைத்த கருப்பொருள்.

நடுக்கத்தின் மையத்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,200 கிலோமீட்டர். கவசத்தின் மேற்பகுதியில் முதன்மை அலை நொடிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் செல்கிறது. இரண்டாம் நிலை அலை நான்கரை. கணக்குப் போட்டால் முதலாவது 4.41 தாண்டியதும் இங்கே வந்திருக்க வேண்டும், அடுத்தது 4.43 வாக்கில். இரண்டுக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த இடைவெளியைத் திருப்பிக் கணக்கிட்டால் தொலைவு கிடைக்கிறது. மூன்று நிலையங்கள் தத்தம் தொலைவைச் சொன்னால் மூன்று வட்டங்கள் வரைந்து இடத்தைக் குறித்துவிடலாம். முதல் சில நிமிடங்களில் எச்சரிக்கை மையங்கள் செய்வது, கணினி வேகத்தில், அடிப்படையில் இதைத்தான்.

அம்மாவின் விளக்கை ஆட்டியவை இந்த இரண்டும் அல்ல. 4.44 அளவில் வந்த மேற்பரப்பு அலைகள். 1,200 கிலோமீட்டர் பாறைக்குள் வந்தவுடன் படபடக்கும் சிற்றதிர்வுகள் எல்லாம் கரைந்துவிடுகின்றன. மிஞ்சுவது மெதுவாக, நீளமாக அசையும் அலை. அது ஒற்றை மாடி வீட்டைப் பொருட்படுத்தாது. உயரமான கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதோடு மண்ணும் சேர்ந்துகொண்டது. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். மண் ஆய்வில் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவோம். ஹில்வியூவில், மட்கிய மேல்மண் தீர்ந்தவுடன், நூறு அடி அடித்தாலும் கம்பி இறங்காது. அதன் பிறகு வைரமுனையால் அறுத்துத்தான் கல்லை எடுக்க வேண்டும். புக்கிட் தீமா கருங்கல் அது. காலாங்கில் கடல் களிமண்ணில் கம்பியை நிறுத்தினால், சில ஆழங்களில் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம்: தன் எடையிலேயே கம்பி தானாக இறங்கிப் போகும். முதல்முறை பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதற்கு மேல்தான் என் வீடு நிற்கிறது. (வீடு நிற்பது களிமண்ணில் அல்ல, அதைத் துளைத்துக் கீழே கெட்டியான படிவு வரை இறங்கிய தூண்களில் என்பது அறிவுக்குத் தெரியும்.)

உதறும் அலை திடமான கருங்கல்லில் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் போகிறது. அந்தக் களிமண்ணில் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான். வேகமாக வரும் கூட்டம் குறுகிய வாசலில் முட்டிக்கொள்வதுபோல, அலை மெதுவாகும்போது அதன் வீச்சு உயர்கிறது. முப்பது மீட்டர் தடிமனுள்ள களிமண் தானே ஒரு நொடிக்கு ஒருமுறை அசையும் இயல்புள்ளது. கருங்கல்லின்மேல் தரையில் நின்ற எங்களுக்குத் தெரியாதது, களிமண்ணின்மேல் பதினாறு மாடி உயரத்தில் இருந்த அம்மாவுக்குத் தெரிந்ததில் வியப்பே இல்லை. 2013-இல் கட்டட, கட்டுமான ஆணையம் நில அதிர்வைக் கணக்கில்கொள்ளும் வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட்டபோது, மென்மையான மண்ணில் எழும் உயரக் கட்டடங்களையே முதன்மையாகக் குறிவைத்தது.

தட்டிப் பார்ப்பது

தை மாதம் பிறக்குமுன் கேம்பல் லேனில் பொங்கல் பானை வாங்கும்போது அம்மா ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் எடுத்துக்கொள்வார். மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று திருப்பி வைப்பார். பூமியை ஆராய்கிறவர்கள் செய்வது அதே வேலை, ஒரு வேறுபாட்டோடு: தட்டுவது அவர்கள் அல்ல. பூமி தானே தட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து காது கொடுக்கிறார்கள்.

அப்படிக் காது கொடுத்ததில் கிடைத்த முதல் பெரிய எல்லை மோஹோ. 1909 அக்டோபரில், இன்றைய குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகருக்கு அருகே ஒரு நிலநடுக்கம். அந்த ஊர் ஆய்வாளர் ஆந்திரியா மோஹோரோவிசிச் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, ஒரே நடுக்கத்திலிருந்து முதன்மை அலை இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டார். ஒன்று நேர்வழியில் வந்தது. மற்றொன்று ஆழத்தில் இறங்கி, அங்கே வேகமான பாறை வழியே ஓடி, மேலேறி வந்தது. ஜூரோங்கிலிருந்து சாங்கிக்கு உட்சாலைகளில் போகிறவரைவிட, கொஞ்சம் சுற்றினாலும் பிஐஇ விரைவுச்சாலையைப் பிடித்தவர் முந்திவிடுகிறாரே, அதுபோல. அருகிலுள்ள நிலையத்துக்கு நேர்வழி அலை முந்துகிறது, தொலைவிலுள்ள நிலையத்துக்குச் சுற்றுவழி அலை. எந்தத் தொலைவில் முந்துதல் மாறுகிறது என்பதிலிருந்து அந்த விரைவுச்சாலையின் ஆழத்தைக் கணக்கிடலாம். அந்த எல்லைக்கு மேலே இருப்பது மேலோடு, கீழே கவசம். கண்டங்களின் அடியில் சாதாரணமாக 30 முதல் 40 கிலோமீட்டர், திபெத்தின் அடியில் 70 வரை, கடலடியிலோ ஆறு ஏழு கிலோமீட்டர்தான். கவசம் அங்கிருந்து ஏறத்தாழ 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை.

தோண்டிப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். தோண்டுவதே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன்: முடியவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கிய துளை 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் 180 பாகை செல்சியஸ். பாறை எதிர்பார்த்ததைவிடக் குழைந்து போயிருந்தது. அதோடு நின்றது. கண்ட மேலோட்டின் தடிமனில் அது பாதிகூட இல்லை. மேலோடு மெலிந்திருக்கும் கடலடியில் முயலலாம் என்று 1961-இல் மெக்சிகோவுக்கு அப்பால் அமெரிக்கர்கள் போட்ட மோஹோல் துளை கடல்தரைக்குக் கீழே 183 மீட்டர் போனது. 2023-இல் அட்லாண்டிக் நடுவே, கவசப் பாறை தானே மேலேறி வந்திருக்கும் ஓரிடத்தில், 1,268 மீட்டர் துளையிட்டுப் பாறையை அள்ளினார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது இடம்பெயர்ந்து வந்த பாறை, தன் இருப்பிடத்தில் இருந்தது அல்ல.

கீழ் மேலோட்டுப் பாறையைத் தொட்டுப் பார்க்க விரும்பும் தமிழர் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னைப் பரங்கிமலைக்குப் போனால் போதும். அங்கே கிடக்கும் கருத்த சார்னோகைட் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் அடிப்பகுதியில், கடும் வெப்பத்தில் உருவானது. அதற்குமேல் இருந்த பல கிலோமீட்டர் பாறை அரித்துப் போனதால் இன்று வெளியில் தெரிகிறது. கொல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கு வைத்த கல் அந்த வகையைச் சேர்ந்தது. அதைக்கொண்டு 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் பெயரிட்டார். நான் அந்த மலையடியில் தங்கிப் படித்தவன். இரண்டு ஆண்டுகள் தினமும் அந்தப் பாறையைக் கடந்து போயிருக்கிறேன், நிற்காமல்.

உடைந்தது மேலோடு மட்டும் அல்ல

மீண்டும் 2012-க்கு வருவோம். முதல் புதிரின் விடை சில நிமிடங்களிலேயே கிடைத்தது. நடுக்கத்தைச் சுற்றியுள்ள நிலையங்களில் முதல் அசைவு எங்கே தள்ளலாக வந்தது, எங்கே இழுப்பாக வந்தது என்று உலக வரைபடத்தில் குறித்தால், பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். 2004-இல் கடல்தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. 2012-இல் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. தண்ணீரைத் தூக்க ஆளில்லை. பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கங்களில், கருவிகள் பதிவுசெய்த காலத்தில், இதுவே மிகப் பெரியது.

இரண்டாவது புதிருக்கு விடை தேடியவர்கள் உலகெங்கும் பரவியிருந்த கருவிகளின் பதிவுகளைச் சேர்த்து, உடைப்பு எப்படி ஓடியது என்று நொடிக்கு நொடி வரைந்தார்கள். கிடைத்தது ஒரே கோடு அல்ல. குறைந்தது நான்கு பிளவுகள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக. உடைப்பு ஒன்றில் ஓடி, மூலையில் திரும்பி, அடுத்ததற்குத் தாவியிருக்கிறது.

எவ்வளவு ஆழம் உடைந்தது? இதற்கு ஒரு எளிய கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 8.6 அளவு நடுக்கத்துக்கு வேண்டிய பெயர்ச்சியைக் கணக்கிட்டால், பாறை சராசரியாக 20 மீட்டர் நகர்ந்தது என்று கொண்டாலும், பத்தாயிரம் சதுர கிலோமீட்டரை ஒட்டிய பரப்பு உடைந்திருக்க வேண்டும். அங்கே கடலடி மேலோடு ஏழு கிலோமீட்டர்தான். மேலோடு மட்டும் உடைந்திருந்தால் உடைப்பின் நீளம் 1,400 கிலோமீட்டர் ஆகிவிடும். அப்படி எதுவும் பதிவாகவில்லை. நீளம் சில நூறு கிலோமீட்டர்களாக இருக்க வேண்டுமானால், உடைப்பு கீழே முப்பது நாற்பது கிலோமீட்டர் இறங்கியிருந்தாக வேண்டும். அதாவது அன்று உடைந்ததில் பெரும்பங்கு மேலோடு அல்ல, கவசம். விரிவான ஆய்வுகளும் அதையே சொன்னன.

கவசம் என்றவுடன் உருகிய குழம்பு என்று பள்ளியில் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது தவறு. கவசம் கல்தான். உதறும் அலை அதனுள்ளே தடையின்றிப் போவதே சான்று. அதன் முக்கியக் கனிமமான ஆலிவின், ஏறத்தாழ 600 பாகை வரை குளிர்ந்திருக்கும் ஆழத்தில் கண்ணாடியைப் போல உடையும். இந்தியப் பெருங்கடலின் இந்தப் பகுதி, பல கோடி ஆண்டுகள் ஆறிக் குளிர்ந்த பழைய தட்டு.

அடுத்து கப்பல்கள். பிளவு உண்மையிலேயே கவசத்துக்குள் இறங்குகிறதா என்று பார்க்க, பூமி தட்டும்வரை காத்திருக்காமல் ஆய்வாளர்கள் தாங்களே தட்டினார்கள். கப்பலின் பின்னே, நீருக்குள் அழுத்தப்பட்ட காற்றை வெடிக்கச் செய்வார்கள். அந்த ஒலி கடல்தரையைத் துளைத்து இறங்கி, பாறை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துவரும் கேபிளில் கோத்த ஒலிவாங்கிகள் அதைப் பிடிக்கும். சில நொடிக்கு ஒரு வெடி, நாள் கணக்கில். அடுக்கிப் பார்த்தால் நிலத்தடியின் நெடுக்குவெட்டுப் படம் கிடைக்கிறது. வார்ட்டன் படுகை எனப்படும் இந்தப் பகுதியில் எடுத்த இப்படங்களில், மோஹோ எல்லையையும் தாண்டிக் கவசத்துக்குள் சாய்வாக இறங்கும் பிளவுகள் தெரிந்தன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிங்கப்பூர் புவி ஆய்வு மையமும் பாரிஸின் புவி இயற்பியல் கழகமும் இணைந்த குழு, சதீஷ் சிங் தலைமையில், 2016-இல் மரியோன் தூஃப்ரேன் கப்பலில் போய்க் கடல்தரையை அளந்தது. அடுத்த ஆண்டே, ஒன்றையொன்று வெட்டும் இருவகைப் பிளவுகள் அங்கே இயங்குவதை வெளியிட்டார்கள். வடக்கு தெற்காக ஓடும் பழைய பிளவுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. குறுக்கே புதியவையும் வளர்கின்றன. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் சுமக்கும் தட்டு நடுவில் இரண்டாகிக்கொண்டிருக்கிறது. ஒரு புதிய எல்லை பிறப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நொடியில் கல், ஆண்டில் பாகு

இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான். அதிர்வு அடங்கிய பிறகு தொடங்கியது.

சுமத்திராவுக்கு மேற்கே உள்ள தீவுகளிலும் கரையிலும், இந்தோனேசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சிங்கப்பூர் புவி ஆய்வு மையம் பராமரிக்கும் ஜிபிஎஸ் நிலையங்கள் இருக்கின்றன. நம் கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழையோடு இடம் காட்டும். இவை பாறையில் ஊன்றிய கம்பங்கள். நாள் முழுக்கக் கேட்டுச் சராசரி எடுத்து, சில மில்லிமீட்டர் அசைவைக்கூடச் சொல்லும். ஏப்ரல் 11 அன்று அவை சட்டென்று இடம் மாறின. அதன் பிறகும் நிற்கவில்லை. வாரங்களாக, மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன. முதலில் சற்று வேகமாக, பிறகு தளர்ந்து.

மேலே இருக்கும் தட்டு திடீரென்று நகர்ந்தால், கீழே இருக்கும் வெப்பமான கவசம் புதிய அழுத்தத்துக்கு ஏற்ப மெதுவாக வழிகிறது. அது கல்லாக இருந்துகொண்டே, படிகத்துக்குள் படிகமாக ஊர்ந்து வழிகிறது. அந்த வழிதல்தான் மேலே உள்ள கம்பங்களை இழுத்துச் செல்கிறது. நொடிக்கணக்கில் வரும் அலைக்கு உறுதியான கல்லாக நடந்துகொள்ளும் அதே பாறை, ஆண்டுக்கணக்கில் இழுத்தால் பாகாக நடந்துகொள்கிறது.

பாகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், நீர் ஒரு கரண்டி கூடினாலும் பதம் தவறிவிடும். கவசமும் அப்படித்தான். ஆலிவின் படிகத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்களாகப் புகுந்திருக்கும் நீரின் அளவு துளி கூடினாலும் அது எளிதில் வழியும். சிங்கப்பூரில் இருந்த ஆய்வுக் குழு, ஆய்வகத்தில் ஆலிவினைச் சூடாக்கி நெருக்கிப் பெற்ற அளவுகளையும் இந்தக் கம்பங்களின் நகர்வையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டு, தட்டுக்குக் கீழே உள்ள மென்கவசத்தில் எடையில் குறைந்தது 0.01 விழுக்காடு அளவுக்கு நீர் இருக்கிறது என்று 2016-இல் நேச்சர் இதழில் எழுதியது. மேலே உள்ள தட்டின் பகுதி காய்ந்தது, கீழே உள்ளது ஈரமானது. பத்தாயிரம் கிலோ கல்லில் ஒரு கிலோ நீர்! பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில், யாரும் தொடாத பாறையில், கரையில் நட்ட கம்பங்கள் நகர்ந்ததை வைத்து. இதைப் படித்த அன்று நான் அந்தக் கட்டுரையின் படங்களை அம்மாவிடம் காட்டினேன். "அப்படியானால் அன்று ஆடியது இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டார். இல்லை, முடியவில்லை.

எங்கள் வீட்டின் அடியில்

அம்மாவின் அடுத்த கேள்வி இயல்பானது: நம் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

முதல் சில பத்து மீட்டர்கள் என் தொழிலுக்கு எட்டுபவை. நிரப்பிய மண், கடல் களிமண், அதன்கீழ் பழைய வண்டல் படிவு. அதற்கும் கீழே கருங்கல். சிங்கப்பூரில் போட்டவற்றில் ஆழமான ஒரு துளை, நன்யாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புவிவெப்பத்தைத் தேடிச் செம்பவாங்கில் போட்டது: 1.76 கிலோமீட்டர், அடியில் 122 பாகை செல்சியஸ். செம்பவாங் வெந்நீர் ஊற்றில் கோழிமுட்டை வேகவைக்கும் குடும்பங்களுக்கு அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நேரடி அளவு அது.

அதற்குக் கீழே மறுபடியும் அலைகளின் காலம். 2019-இல் புவி ஆய்வு மையத்தினர் தீவு முழுக்க 80-க்கும் மேற்பட்ட சிறு அதிர்வுமானிகளை மண்ணில் பதித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சோற்றுச் செம்பு அளவு. சாலை, எம்ஆர்டி ரயில், கட்டுமானம் என்று ஓயாத நகரம் இது. அந்த இரைச்சலுக்குள் தொலைதூர நிலநடுக்கத்தின் முணுமுணுப்பைக் கேட்க முடியுமா என்ற ஐயம் இருந்தது. கேட்க முடிந்தது. தொலைவில் எங்கோ நடுங்கும்போது, முதன்மை அலை கீழிருந்து ஏறி மோஹோ எல்லையைத் தாண்டும் கணத்தில், அதன் ஒரு பகுதி உதறும் அலையாக உருமாறுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் பிரிந்தவை, ஆனால் உதறும் அலை மெதுவானது. மேலே வந்து சேரும்போது பின்தங்கிவிடும். மேலோடு 30 கிலோமீட்டர் என்றால் அந்தத் தாமதம் நான்கு நொடியை ஒட்டி இருக்கும். சிங்கப்பூரின் மோஹோ அந்த ஆழத்தை ஒட்டியே இருக்கிறது. கருவிகள் நெருக்கமாக இருந்ததால், தீவுக்குள்ளேயே அந்தத் தாமதம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்றும் பார்க்க முடிந்தது. சில வாரங்கள் கேட்டபின் கருவிகளைத் தோண்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

நிரந்தரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையங்களும் உண்டு. அவற்றில் ஒன்று புக்கிட் தீமா டெய்ரி ஃபார்ம் பகுதியில், கருங்கல்லின்மேல், வானிலை ஆய்வு மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். 2012 ஏப்ரல் 11 அன்று நாங்கள் துளை போட்ட இடத்திலிருந்து அது நடந்துபோகும் தொலைவுதான். 4.30-க்கும் 5.10-க்கும் இடையில் என் குறிப்பேடு வெறுமையாக இருந்த அந்த நேரத்தில், அதே குன்றில், அதே கல்லின்மேல் இருந்த கருவி மூன்று அலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தது. போன மாதம் அந்தப் பழைய குறிப்பேட்டை எடுத்து, இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் இருந்த இடத்தில் பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்: "4.41, 4.43, 4.44."